ரிப்பீட்டர் கட்டும் முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவை

ஹாம் வானொலிக்கு (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுவது) வந்த யாருக்கும் ஒரு கட்டத்தில் ரிப்பீட்டர் ஆசை வந்துவிடும். கையில் இருக்கும் 5 வாட் கருவியை வைத்துக்கொண்டு நேருக்கு நேர் பேசினால் சில கிலோமீட்டரிலேயே குரல் இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. நடுவில் ஒரு கட்டடமோ மேடோ வந்தால் அதுவும் போச்சு. உயரமான இடத்தில் ஒரு ரிப்பீட்டர் நின்றால் இரண்டு முனையில் இருப்பவர்களும் அதன் வழியாகச் சுலபமாகப் பேசிக்கொள்ளலாம். புயல், வெள்ளம் என்று செல்போன் வேலை செய்யாத நாளில் அது பலருக்கு உதவும். எங்கள் குழுவிலும் இப்படித்தான் பேச்சு ஆரம்பித்தது. பேச்சில் எல்லோரும் இருந்தார்கள். வேலை தொடங்கிய பிறகு ஆளாளுக்கு ஒரு சொந்தக் காரியம் வந்தது. கடைசியில் ஸ்பேனரும் சாவிக்கொத்தும் என் கையில் மட்டும் மிஞ்சின. சில வாரங்களில் முடியும் என்று நினைத்தது ஒரு வருடத்தைத் தாண்டி இழுத்தது. குழு திரட்டிய பணம் பாதி வழியில் தீர்ந்துபோய், மிச்சத்தைச் சொந்தச் சேமிப்பிலிருந்து போட்டேன். முன்பே ஒருவர் உட்காரவைத்து விவரமாகச் சொல்லியிருந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்கும், கேட்டதை உடனுக்குடன் இன்னொரு அலைவரிசையில் திருப்பி அனுப்பும். 2 மீட்டர் பட்டையில் (145 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ஹாம் அலைவரிசைகள்) இந்த இரண்டுக்கும் நடுவே வழக்கமாக விடும் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். உதாரணமாக 145.000 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145.600 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். இரண்டு வானொலிகளை முதுகோடு முதுகாக இணைத்தால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சிரமம் முழுவதும் ரிசீவர் பக்கம்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 வாட் என்பது பிளஸ் 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு). நல்ல ரிசீவர் 0.2 மைக்ரோவோல்ட் வரை கேட்கும். அது சுமார் மைனஸ் 121 டிபிஎம். இரண்டுக்கும் நடுவே 165 டெசிபல். அதாவது 3 போட்டு அதன் பின்னால் 16 சைபர் போடும் அளவு மடங்கு வித்தியாசம். காதுக்குள் ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கச் சொல்கிறோம், அதுவும் ஒரே ஆன்டெனாவில். நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வந்தது. பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், வானொலிப் பெட்டியில் குறைவாகவும் டூப்ளெக்சர் (அனுப்புவதையும் கேட்பதையும் பிரிக்கும் வடிகட்டி), கேபிள், ஆன்டெனா ஆகியவற்றில் அதிகமாகவும் போடுங்கள் என்றுதான் சொல்வேன். நாங்கள் போட்டது நேர்மாறாக.

இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வானொலி அடிவானம் எவ்வளவு தூரம் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும். 25 மீட்டர் உயரத்துக்கு சுமார் 20 கிலோமீட்டர், 100 மீட்டருக்கு 41. கையில் கருவியோடு தரையில் நிற்பவரின் உயரத்துக்கு இன்னும் ஒரு 5 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ளலாம். சக்தியை 25 வாட்டிலிருந்து 50 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான்; கேட்பவரின் சிக்னல் மீட்டரில் அரை எஸ் யூனிட், அதாவது அரைப் படி. அதனால் உயரத்துக்காக அலையுங்கள், வாட்டுக்காக அலையாதீர்கள். இது எனக்கும் தெரிந்திருந்தது. உயரமான இடங்களில் இரைச்சலும் குடியிருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்களுக்குக் கிடைத்த கட்டடத்தின் மொட்டை மாடியில் கண்காணிப்புக் கேமராக்கள், எல்இடி விளக்குகள், லிஃப்ட் மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி, வேறு நிறுவனங்களின் டிரான்ஸ்மிட்டர்கள் என்று எல்லாமே இருந்தன. மலிவான எல்இடி விளக்கின் மின்வழங்கி ஒன்று போதும், பலவீனமான சிக்னல்களை விழுங்கிவிட.

ஒரு இடத்துக்குச் சரி என்று தலையாட்டும் முன், நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே அலைவரிசையில், அதே மாதிரி ஆன்டெனாவை அங்கே தற்காலிகமாக நிறுத்தி, ஒரு முழு இரவும் பகலும் கேளுங்கள். ராத்திரி விளக்கு போடும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். வீட்டில் தெளிவாகக் கேட்கும் ஒரு தூரத்து நிலையம் அங்கே எப்படிக் கேட்கிறது என்று ஒப்பிடுங்கள். பக்கத்துக் கோபுரங்களில் யார் யார், எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே நேரத்தில் இயங்கினால் கலப்பு சிக்னல்கள் பிறக்கும்: ஒன்று 150 மெகாஹெர்ட்ஸ், இன்னொன்று 155 என்றால், 150-ஐ இரட்டித்து 155-ஐக் கழித்தால் 145 வருகிறது. நம் ரிசீவரின் வாசலில் வந்து நிற்கும் எண் அது. எங்களுக்கு இப்படி ஒன்று வந்தது. எப்போதாவது யாரோ அரைகுறையாகப் பேசும் குரல் ரிப்பீட்டரில் ஒலிக்கும். குழுவில் எல்லோரும் ஏதோ குறும்புக்காரர் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், நானும் திசை தேடும் ஆன்டெனாவோடு வீணாக அலைந்தேன். கடைசியில் அது அடுத்த கம்பத்தில் இருந்த இரண்டு டிரான்ஸ்மிட்டர்களின் கலவை. டிரான்ஸ்மிட்டருக்குப் பின் ஒரு ஐசொலேட்டர் (வெளிச் சிக்னல் திரும்பி உள்ளே வராமல் தடுப்பது), ரிசீவருக்கு முன் ஒரு பேண்ட்பாஸ் கேவிட்டி (வேண்டிய அலைவரிசையை மட்டும் விடும் உலோக உருளை வடிகட்டி) இரண்டையும் சேர்த்த பிறகுதான் அடங்கியது. பண்பலை ஒலிபரப்புக் கோபுரம் பக்கத்தில் இருந்தாலும் அந்தப் பேண்ட்பாஸ் கேவிட்டி கட்டாயம் வேண்டும்.

இடத்தின் சொந்தக்காரரோடு எல்லாவற்றையும் எழுத்தில் போடுங்கள். எந்நேரமும் உள்ளே போக அனுமதி, மின்சாரக் கட்டணம் யாருடையது, ஆன்டெனாவை நகர்த்த வேண்டுமானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, சாவி யாரிடம். வாய்வார்த்தையில் சம்மதம் சொன்னவர் மாறிப்போய், புதிதாக வந்தவர் எங்கள் கேபிளை யாருடையது என்றே தெரியாமல் அறுத்துப் போட்ட நாளில் எனக்குக் கோபத்தைவிட அழுகைதான் வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும், அலமாரிக் கதவிலும் என் அழைப்புக்குறியும் (உரிமத்தோடு தரும் நிலையப் பெயர்) தொடர்பு எண்ணும் எழுதிய பட்டை ஒட்டினேன். முதல் நாளே செய்யக்கூடிய வேலை அது. உரிமம், அலைவரிசை ஒதுக்கீடு ஆகியவற்றையும் பெட்டி வாங்கும் முன்பே முடித்துவிடுங்கள். டூப்ளெக்சரை எந்த ஜோடிக்கு டியூன் செய்வது என்பதே அதைப் பொறுத்ததுதான்.

அடுத்து டூப்ளெக்சர். ஒரே ஆன்டெனாவில் அனுப்பவும் கேட்கவும் உதவும் வடிகட்டி இது. இதற்கு இரண்டு வேலை. டிரான்ஸ்மிட்டர் தன் அலைவரிசையில் மட்டும் ஒழுங்காக நிற்பதில்லை, சுற்றிலும் மெல்லிய இரைச்சலைத் தூவும். அந்த இரைச்சல் நம் ரிசீவர் அலைவரிசையில் விழாமல் டிரான்ஸ்மிட்டர் பக்கத்துக் கேவிட்டிகள் தடுக்க வேண்டும். ரிசீவர் பக்கத்துக் கேவிட்டிகள், டிரான்ஸ்மிட்டரின் மூலச் சிக்னல் நேராக உள்ளே வந்து ரிசீவரை மந்தமாக்காமல் தடுக்க வேண்டும். 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இதைச் செய்ய ஒவ்வொரு பக்கமும் 80 முதல் 90 டெசிபல் பிரிப்பு வேண்டும். 2 மீட்டருக்கு அதைத் தருவது ஆளுயரத்தில் பாதிக்கு வரும் கேவிட்டிகள், பொதுவாகப் பக்கத்துக்கு மூன்றாக ஆறு. எங்களுக்கு விற்றவர் தந்தது ஒரு அலமாரித் தட்டில் அடங்கும் சிறிய தட்டைப் பெட்டி. 600 கிலோஹெர்ட்ஸுக்குத் தாராளமாக வேலை செய்யும் என்று உறுதி சொன்னார். அந்த வகைப் பெட்டிகள் 5 மெகாஹெர்ட்ஸ் போல இடைவெளி உள்ள ஜோடிகளுக்காகச் செய்யப்பட்டவை. எப்படித் திருகினாலும் 600 கிலோஹெர்ட்ஸுக்கு அவை வராது. திருப்பி எடுத்துக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. போன பணம் போனதுதான். அதைவிட, குறை என்னுடைய டியூனிங்கில் இருக்கிறது என்று நினைத்து நான் இழந்த வாரங்கள்தான் இன்னும் வலிக்கின்றன.

அந்த நாட்களில் என்ன நடந்தது என்று சொன்னால் உங்களுக்கு அடையாளம் தெரியும். தூரத்திலிருந்து ஒருவர் பேசுவார். ரிசீவர் திறக்கும், டிரான்ஸ்மிட்டரைப் போடும் மின்சுவிட்சான ரிலே டக்கென்று விழும், டிரான்ஸ்மிட்டர் எழும். எழுந்த அடுத்த கணமே ரிசீவர் செவிடாகிவிடும், அவர் குரல் மறையும், ரிலே விடுபடும். டிரான்ஸ்மிட்டர் ஓய்ந்ததும் ரிசீவருக்கு மறுபடி காது கேட்கும், மறுபடி டக். அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து டக், டக், டக் என்று ஓயாமல் அடிக்கும் அந்த ரிலேயைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் பேசினால் எல்லாம் அருமையாக இருக்கும், தூரத்துக்காரர்களுக்கு மட்டும் இப்படி. இதற்குப் பெயர் டீசென்ஸ். பல ரிப்பீட்டர்கள் இந்த நோயோடுதான் வருடக்கணக்கில் ஓடுகின்றன. ரிப்பீட்டர் பேசுவது நன்றாகக் கேட்கிறது, எங்கள் குரல் மட்டும் அதற்குள் போகவில்லை என்று மக்கள் சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டம்மி லோடு (சக்தியை வெளியே விடாமல் வெப்பமாக்கிவிடும் போலி ஆன்டெனா) போடுங்கள். அந்தக் கேபிளில் ஒரு டி இணைப்பு வைத்து, அதன் பக்கவாட்டு முனையின் நடு ஊசியைச் சற்றே வெட்டிவிட்டால் அது நேரடியாகத் தொடாமல் மிகக் கொஞ்சமாகச் சிக்னலை உள்ளே விடும். அந்த முனையில் சிக்னல் ஜெனரேட்டரை (அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சோதனைச் சிக்னல் தரும் கருவி) இணைத்து, ரிசீவரில் அதன் ஒலி இரைச்சலுக்கு நடுவே அரைகுறையாகக் கேட்கும் அளவுக்குக் குறையுங்கள். இப்போது டிரான்ஸ்மிட்டரைக் கையால் போடுங்கள். இரைச்சல் மாறவே இல்லை என்றால் டூப்ளெக்சர் பாஸ். சிக்னல் மறைந்தால், அது திரும்பவும் அதே அளவு கேட்க ஜெனரேட்டரை எத்தனை டெசிபல் ஏற்ற வேண்டியிருக்கிறதோ அத்தனை டெசிபல் டீசென்ஸ். அப்புறம் டம்மி லோடை எடுத்துவிட்டு ஆன்டெனாவை இணைத்து, அதே சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். டம்மி லோடில் பாஸ் ஆகி ஆன்டெனாவில் ஃபெயில் ஆனால், குற்றவாளி கேபிள், ஆன்டெனா அல்லது கோபுரம். இந்த ஒரு சோதனை முறை தெரிந்திருந்தால் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். எந்தப் பாகத்தை மாற்றுவதற்கு முன்பும் இதைச் செய்யுங்கள்.

நேனோவிஎன்ஏ (ஆன்டெனா, வடிகட்டிகளை அளக்கும் மலிவான கையடக்கக் கருவி) கையில் இருக்கிறது, அதிலேயே டியூன் செய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 300 மெகாஹெர்ட்ஸ் வரை அது பார்க்கக்கூடிய ஆழம் சுமார் 70 டெசிபல்தான். ஒழுங்கான டூப்ளெக்சரின் பள்ளம் அதற்கும் கீழே போகும். திரையில் வளைவு அடிமட்டத்தைத் தொட்டு இரைச்சலில் தேய்ந்துவிடும். மூன்று கேவிட்டிகளையும் சேர்த்துப் பார்த்தால் எது சரியாக நிற்கிறது, எது தள்ளி நிற்கிறது என்றே தெரியாது. வழி இருக்கிறது. கேவிட்டிகளைத் தனித்தனியாகப் பிரித்து ஒவ்வொன்றின் பள்ளத்தையும் சரியான அலைவரிசையில் நிறுத்திவிட்டு, பிறகு சேர்த்து, கடைசித் திருத்தத்தை மேலே சொன்ன டீசென்ஸ் சோதனையில் காதால் செய்வது. நட்டை இறுக்கும்போது டியூன் நகரும், அதையும் கவனித்துக்கொண்டே இறுக்க வேண்டும். பக்கத்துக்கு 1.5 டெசிபல் போல இழப்பு வரும். 25 வாட் உள்ளே போனால் 17, 18 வாட்தான் வெளியே வரும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அது நியாயமான விலை. இரண்டாவதாக வாங்கிய பழைய ஆறு கேவிட்டி டூப்ளெக்சர் இன்றுவரை ஓடுகிறது.

டூப்ளெக்சர் சரியானதும் எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன். சில நாளில் ஒரு கரகரப்பு வந்தது. காற்று வீசும்போது அதிகம், காற்று நின்றால் குறைவு. டம்மி லோடில் சுத்தமாக இருந்தது. இதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. முதலாவது கேபிள். உள்ளே அலுமினியத் தகடும் அதன் மேல் டின் பூசிய செம்புப் பின்னலும் உள்ள வகை, சாதாரண நிலையங்களுக்கு நல்ல கேபிள்தான். ஆனால் ஒரே கேபிளில் அனுப்புதலும் கேட்டலும் ஒரே நேரத்தில் நடக்கும்போது, இரண்டு வேறு உலோகங்கள் உரசும் ஒவ்வொரு இடமும் சிறு டயோடு மாதிரி நடந்துகொண்டு இரைச்சலை உண்டாக்கும். ரிப்பீட்டரிலிருந்து மேலே ஆன்டெனாவுக்குப் போக வேண்டியது கெட்டியான செம்பு வெளியுறை உள்ள ஹார்டுலைன் கேபிள். உள்ளே குட்டி இணைப்புகளுக்கு வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் உள்ள ஆர்ஜி-214 அல்லது ஆர்ஜி-400. கனெக்டர்கள் என்-டைப். பிஎல்-259 வேண்டாம், அதைவிட முக்கியமாக அடாப்டருக்கு மேல் அடாப்டர் வேண்டாம். இந்த மாற்றம்தான் மொத்தத் திட்டத்தில் எனக்கு அதிகச் செலவு வைத்தது, ஏனென்றால் முதலில் போட்ட கேபிளை விற்கவும் முடியவில்லை.

இரண்டாவது காரணம் ஆன்டெனா. ஃபைபர் கிளாஸ் குழாய்க்குள் பல துண்டுகளைப் பற்றவைத்துச் செய்த நீளக் குச்சி ஆன்டெனா எங்களுடையது. எடை குறைவு, சிக்னல் பெருக்கம் அதிகம், எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) அழகாக 1.2 காட்டியது. ஆனால் காற்றில் அது வளைந்து வளைந்து உள்ளே இருந்த ஒரு பற்றவைப்பு விட்டுப்போயிருந்தது. தொட்டும் தொடாமலும் இருக்கும் அந்த இணைப்புதான் கரகரத்தது. எஸ்டபிள்யூஆர் மீட்டர் இதைக் காட்டாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் ஒரு கம்பத்தில் அடுக்கிய மடக்கு டைபோல் வகை ஆன்டெனா வைத்தேன். வெளியே தெரியும் கெட்டிக் குழாய்கள், வளையும் பாகம் எதுவும் இல்லை, எடைதான் அதிகம். மேலே ஏற அனுபவமுள்ள ஆளை வைத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பு வாரில்லாமல் யாரையும் ஏற விடாதீர்கள். ஏறுபவர் கையோடு கோபுரத்தில் தளர்ந்து ஆடும் கம்பி, துருப்பிடித்த பிடிப்பான், கைவிடப்பட்ட பழைய ஆன்டெனாக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடட்டும். துருவும் அந்த டயோடு வேலையைத்தான் செய்யும்.

மழை ஒரு தனி அத்தியாயம். கனெக்டரில் நுழையும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும் என்று நினைக்கிறோம். பின்னலுக்குள் நுழைந்துவிட்டால் கேபிளின் நீளம் முழுக்க மெல்ல மெல்ல இறங்கிப் போய்விடும், பிறகு அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. நான் இப்போது செய்வது இது: கனெக்டரை இறுக்கிய பின் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றுவேன். அதன் மேல் சாதாரண வினைல் டேப், கீழிருந்து மேலாக. அப்போதுதான் மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மீது கவிந்து தண்ணீர் வழிந்தோடும். டேப்பின் கடைசி முனையை இழுத்து அறுக்காமல் கத்தியால் வெட்ட வேண்டும். இழுத்தால் வெயிலில் சுருண்டு எழும்பிவிடும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழ்நோக்கி ஒரு தொங்கல் விட்டால் சொட்டும் தண்ணீர் அங்கேயே விழும், உள்ளே வராது.

டிரான்ஸ்மிட்டர் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. காரில் வைக்கும் 50 வாட் மொபைல் வானொலி இடையிடையே பேசுவதற்காகச் செய்யப்பட்டது, ஓயாமல் அனுப்புவதற்கு அல்ல. அதை ரிப்பீட்டரில் வைத்தால் பாதி சக்திக்கோ அதற்கும் கீழோ இறக்குங்கள், பின்னால் பெரிய ஹீட்சிங்க்கும் அதன்மேல் எப்போதும் ஓடும் விசிறியும் வையுங்கள். நெட் (குறித்த நேரத்தில் எல்லோரும் கூடிப் பேசும் வானொலிக் கூட்டம்) நடக்கும் ஒரு மாலையில், ஒருவர் விடாமல் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் இறுதிநிலை டிரான்சிஸ்டர் போனது. ரிப்பீட்டரை இயக்கும் கன்ட்ரோலரில் 3 நிமிட டைம்அவுட் (அதற்கு மேல் விடாமல் அனுப்பினால் தானே நிறுத்தும் ஏற்பாடு) முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். யாருடைய மைக்காவது இருக்கைக்கு அடியில் அழுந்திக் கிடந்தாலும் அது காப்பாற்றும்.

கன்ட்ரோலரில் இன்னும் சில. உள்ளே வரும் சிக்னலுக்கு சிடிசிஎஸ்எஸ் டோன் கட்டாயமாக்குங்கள். 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை உள்ள மெல்லிய அடித்தொனி அது. சரியான தொனி இல்லாத இரைச்சல் எதுவும் ரிப்பீட்டரை எழுப்பாது. பேசி முடித்த பின் ஒன்றிரண்டு நொடி டிரான்ஸ்மிட்டர் நிற்பது போதும், நீளமான வால் மின்சாரத்தையும் பொறுமையையும் தின்னும். தூரத்திலிருந்து அணைக்க ஒரு வழி கட்டாயம் வேண்டும், அதுவும் இணையத்தை மட்டும் நம்பாத வழி. டிடிஎம்எஃப் (போன் பொத்தான்களை அழுத்தும்போது வரும் தொனிகள்) கட்டளையை வேறொரு அலைவரிசையில் கேட்கும் சிறு ரிசீவர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒலி அளவைச் சரிசெய்ய ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். உள்ளே 3 கிலோஹெர்ட்ஸ் விலகல் (குரலுக்கேற்ப அலைவரிசை அசையும் அளவு) வந்தால் வெளியேயும் 3 போக வேண்டும். குறைந்தால் எல்லோர் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வரும், கூடினால் சிதறும். ரிசீவரில் டீஎம்ஃபசிஸ் ஆன (உயர் தொனிகள் குறைக்கப்பட்ட) ஒலியை எடுத்து டிரான்ஸ்மிட்டரின் நேரடி உள்ளீட்டில் கொடுத்தால் குரல் மொத்தையாக ஒலிக்கும். எடுப்பதும் கொடுப்பதும் ஒரே வகையாக இருக்கட்டும். இந்த ஒரு விஷயம் சரியானதும் ஒரு மூத்த ஹாம் வந்து, உங்கள் ரிப்பீட்டரில் குரலைக் கேட்டால் நேரில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். மாதக்கணக்கில் பட்ட களைப்பு அன்றைக்குப் போனது.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் பேட்டரி, அதை எப்போதும் நிரப்பிக்கொண்டிருக்கும் சார்ஜர், ரிப்பீட்டர் பேட்டரியிலிருந்து ஓடும் அமைப்பு. 25 வாட் அனுப்பும்போது 7 ஆம்பியர் போல இழுக்கும், கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும்போது அரை ஆம்பியருக்குள். 100 ஆம்பியர் மணி ஈய அமிலப் பேட்டரியில் பாதிதான் தைரியமாகப் பயன்படுத்தலாம் என்று வைத்தால், கால்வாசி நேரம் அனுப்பும் நிலையம் ஒரு நாள் தாங்கும். பேரிடர் நேரத்தில் அனுப்பும் பங்கு ஏறிவிடும், அப்போது அது அரை நாளாகும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பேட்டரி வாங்குங்கள். மின்னழுத்தம் 11.5-க்கு இறங்கினால் தானே துண்டிக்கும் கருவி இல்லாததால் ஒரு நீண்ட மின்வெட்டில் எங்கள் முதல் பேட்டரி அடிமட்டம் வரை வற்றி, அதற்குப் பிறகு எழவே இல்லை. சார்ஜரையும் சோதித்துவிட்டு வாங்குங்கள். சில ஸ்விட்ச்சிங் சார்ஜர்கள் கக்கும் இரைச்சல் நேராக ரிசீவரில் ஏறும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் மட்டும் ஓடவிட்டுக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மின்னல் அடித்த கதையைச் சொல்லாமல் முடியாது. ஆன்டெனா கேபிளுக்கு வாயுக்குழாய் உள்ள மின்னல் தடுப்பான் போட்டிருந்தோம், எர்த் கம்பியும் இருந்தது. ஆன்டெனா பக்கம் எதுவும் ஆகவில்லை. கன்ட்ரோலர், ரிசீவரின் முன்பகுதி, இணைய ரௌட்டர் மூன்றும் கருகின. எப்படி என்று அப்போது புரியவில்லை. கோபுரத்துக்கு ஒரு எர்த், மின்சாரத்துக்கு வேறொரு எர்த், இணையக் கேபிளுக்கு எதுவுமே இல்லை. மின்னல் இறங்கும்போது இந்த எர்த்துகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் வோல்ட் வித்தியாசம் வரும், அந்த வித்தியாசம் நம் கருவிகளின் வழியாகத்தான் சமன் ஆகும். எல்லாக் கேபிள்களும் ஒரே இடத்தில் உள்ளே நுழைந்து, ஒரே செம்புத் தகட்டில் தடுப்பான்கள் பொருத்தப்பட்டு, அந்தத் தகடு கோபுர எர்த்தோடும் மின்சார எர்த்தோடும் பட்டையான செம்பால் இணைக்கப்பட வேண்டும். மின் இணைப்பு, இணையக் கேபிள், மேலே போகும் விளக்கு ஒயர், எதற்கும் விலக்கு கிடையாது. அன்று கருகியவற்றை மாற்ற ஆன செலவில் இந்த ஏற்பாட்டைத் தாராளமாகச் செய்து முடித்திருக்கலாம்.

பராமரிப்புக்கு வருகிறேன். அலமாரிக்குள் எறும்பு கூடு கட்டும், குளவி மண் பூசும், எலி கேபிளைக் கடிக்கும். எல்லாத் துளைகளுக்கும் மெல்லிய வலை அடியுங்கள், ரிலேக்களை மூடிய வகையாக வாங்குங்கள். அலமாரியிலேயே ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு முறை போகும்போதும் அதே எண்களை எழுதுங்கள்: போகும் சக்தி, திரும்பும் சக்தி, பேட்டரி வோல்ட், ரிசீவர் எத்தனை மைக்ரோவோல்ட்டில் திறக்கிறது, டீசென்ஸ் எத்தனை டெசிபல், வெப்பநிலை. பழுது வந்த நாளில் நல்லபடியாக ஓடிய நாளின் எண்கள் இல்லாவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? திரும்பும் சக்தி மாதாமாதம் மெல்ல ஏறுவதைப் பார்த்து, தண்ணீர் கேபிளுக்குள் போகும் முன்பே ஒரு கனெக்டரை மாற்ற முடிந்தது இந்த நோட்டால்தான்.

மனிதர்கள் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. நன்றாக ஓடும்போது யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நின்றுபோன அன்று போன் ஓயாது, எப்போது சரியாகும் என்று கேட்பவர்களில் பலர் ஒரு காசும் தந்திருக்க மாட்டார்கள். இது மனதைக் குத்தியது, மறைக்கவில்லை. இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு, கட்டும் செலவைத் தனியாகவும் வருடாந்தரப் பராமரிப்பு நிதியைத் தனியாகவும் திரட்டுவது. பேட்டரி சில வருடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், கோபுரம் ஏற ஆள் கூலி வேண்டும், மின்னலுக்கென்று ஒரு தொகை ஒதுக்கி வைக்க வேண்டும். இந்த இரண்டாவது நிதிக்கு உறுப்பினர்கள் சம்மதிக்காவிட்டால் முதல் கருவியையே வாங்காதீர்கள்.

டூப்ளெக்சரை எப்படிப் பிரித்து டியூன் செய்வது, கன்ட்ரோலர் கட்டளைகள், ஒயரிங் படம், கட்டடக்காரரோடு செய்த ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, படித்துப் புரிந்துகொண்ட இன்னொருவரிடம் இரண்டாவது சாவியோடு கொடுங்கள். எங்கள் குழுவில் இளைஞர் ஒருவர் இதற்கு முன்வந்தார். போன முறை ரிலே பழுதானபோது நான் வெளியூரில் இருந்தேன். அவரே நோட்டைப் பார்த்து, மாற்று ரிலேயைப் பொருத்தி, டீசென்ஸ் சோதனையும் செய்து, எண்களை எழுதிவைத்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினார்.